நாற்பத்திரண்டு ஸ்க்ரூவுக்குக் கீழே ஒரு மே மாதம்

பாலாற்றில் தண்ணீர் ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் வேலூரில் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சமிருந்த காலத்தில், ஊரின் மேற்கு ஓரத்தில் தளத்துக்கு நான்கு வீடு வீதம் மூன்று தளங்களும் பன்னிரண்டு குடும்பங்களுமாக நின்றுகொண்டிருந்த கங்கோத்ரி அடுக்ககத்தின் நடுக்குழியில், பழைய மே மாதம் ஒன்று வந்து இறங்கி, திரும்பிப் போக மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. அது எப்படி வந்தது என்று அந்தக் கட்டடத்தில் யாரும் மூளையைக் கசக்கிக்கொள்ளவில்லை. வெயில் சம்பந்தமாக எதைச் சொன்னாலும் வேலூர்க்காரர்கள் நம்பிவிடுவார்கள். மார்கழியில் வியர்த்தது என்றாலும், அப்படியா என்று விசிறியைத் தேடுவார்கள்.

நடுக்குழி என்றது பன்னிரண்டு குளியலறைகளின் சின்ன ஜன்னல்களும் எட்டிப் பார்க்கிற, மேலே வானமும் கீழே சாக்கடை மூடியும் உள்ள, கிணறு மாதிரியான ஒரு சதுர இடைவெளி. கட்டடத்தில் அதை டக்ட் என்பார்கள். ஏசியின் வெளிப்பெட்டிகளை வீதிப் பக்கம் மாட்டினால் கட்டடத்தின் முகம் கெட்டுவிடும் என்று சங்கச் செயலாளர் சடகோபன் பத்து வருடத்துக்கு முன்பே சுற்றறிக்கை விட்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற தாசில்தார், தும்மினாலும் எழுத்தில் போட்டுவிட்டுத்தான் தும்முவார். அதனால் பன்னிரண்டு வீட்டு வெளிப்பெட்டிகளும் அந்த டக்டுக்குள்தான் சுவருக்கு மூன்றாக, ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு தொங்கின. வீட்டுக்குள் இருக்கிற சூட்டையெல்லாம் வாங்கி அவை அந்தக் குழிக்குள் ஊதும், சூடு மேலே ஏறி வானத்துக்குப் போகும், போனதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த டக்டின் வாயை மூடியவர் மேல்தளத்து மாசிலாமணி. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்றவர். எந்த வேலையையும் தானே செய்யவேண்டும், வெளியாளைக் கூப்பிடக் கூடாது என்பது அவருக்குக் கொள்கை, அவர் மனைவி இந்திராணிக்குத் தலைவிதி. ஏசியின் வடிகட்டியைக் கழுவி, ஈரம் காயும்வரை பொறுக்காமல் மாட்டிவிட்டு, ஒரு மாதம் முழுக்க வீட்டில் நனைந்த நாயின் வாசனை அடித்தபோது அது கம்பெனிக்காரன் கோளாறு என்றார். வெளிப்பெட்டியின் மெல்லிய தகடுகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றுப் போக வழியில்லாமல் வளைத்து வைத்துவிட்டு, பளபளவென்று இருக்கிறது பார் என்றார். தண்ணீர் வடிகிற குழாயை வாட்டம் பார்க்காமல் மேல்நோக்கி மாட்டியதில் ஒரு கோடை முழுக்க இந்திராணியின் தலையணைமேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஜில்லா முழுக்க நிலத்துக்கு வாட்டம் பார்த்த மனுஷன், அரை அடிக் குழாய்க்குப் பார்க்கவில்லை என்று அவள் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவரும் கூடவே சிரித்துவிட்டு மறுநாள் ஸ்க்ரூ டிரைவரோடு நாற்காலிமேல் ஏறினார்.

மகள் தமயந்தி தலைப்பிரசவத்துக்கு ஓசூரிலிருந்து வந்தாள். டக்டில் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. புறா எச்சம் காற்றில் கலந்தால் பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது என்று யாரோ சொன்னது மாசிலாமணியின் காதில் விழுந்தது. ஒரு வலை போட்டிருந்தால் போதும். ஆனால் வலை என்றால் இறகு வரும், தூசி வரும், பேரக்குழந்தைக்கு அரைகுறை வேலை ஆகாது என்று அவர் நினைத்தார். போனில் ஒரு வீடியோவை ஏழு தடவை பார்த்தார், டக்டின் வாயை அங்குலம் அங்குலமாக அளந்தார், இரும்புச் சட்டம் போட்டு, அதன்மேல் பச்சை ஃபைபர் ஷீட்டைப் படுக்க வைத்து, நாற்பத்திரண்டு ஸ்க்ரூ முடுக்கி, நான்கு விளிம்பிலும் எறும்பு நுழைய இடமில்லாமல் பசை அடைத்தார். முழுக்க முழுக்க அன்பினால் செய்த வேலை அது, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. சடகோபன் அவரைப் பாராட்டி ஒரு சுற்றறிக்கை விட்டார். அதை மாசிலாமணி ஃபிரிட்ஜின் கதவில், இந்திராணியின் கண் உயரத்துக்கு ஒட்டிவைத்தார்.

சித்திரையில் பேத்தி பிறந்தாள். கத்திரி வெயில் தொடங்கிய அன்று மதியம் பன்னிரண்டு ஏசிகளும் ஒன்றாக ஓடின, பன்னிரண்டு வீட்டுச் சூடும் குழிக்குள் இறங்கி, மேலே போக வழியில்லாமல் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்துகொண்டது. ஒரு வீட்டிலிருந்து வெயிலை வெளியே தள்ளும்போது அந்த வீட்டு மனிதர்களின் பழைய வெயிலும் அதோடு ஒட்டிக்கொண்டு போகும் போலிருக்கிறது. இத்தனை வருடமும் வானத்தில் போய்க் கரைந்தது, இப்போது கரைய இடமில்லாமல் தேங்கிவிட்டது. நான்காம் நாள் காலை குளிக்கப் போன இந்திராணி தலையில் தண்ணீர் ஊற்றாமலே திரும்பி வந்து, டக்டில் யாரோ வடகத்துக்குக் கூழ் கிளறுகிறார்கள், சீரகமும் பச்சை மிளகாயும் சரியாக எங்கள் அம்மா போடுகிற அளவு, என்று சொன்னாள். கீழ்த்தளத்தில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஜுபைதா, தன் குளியலறை ஜன்னலில் ஐஸ்காரனின் மணிச்சத்தம் கேட்டதாகவும், அந்த மணியின் நாக்கு உடைந்திருக்கும், அதனால் அது டொக்கென்றுதான் அடிக்கும், ஆம்பூரில் அவள் தெருவுக்கு வந்த அதே மணிதான் என்றும் சொன்னாள். முதல் தளத்து வாத்தியார் ஒருவர் அங்கே பரீட்சை முடிந்த வாசனை அடிப்பதாகச் சொன்னார். அது எப்படிப்பட்ட வாசனை என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு வாரத்துக்குள் கங்கோத்ரி அடுக்ககம் அந்த மே மாதத்தைக் குடும்பத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. வரவேற்பறைகளில் தொலைக்காட்சி ஆளில்லாமல் பாடியது, குடும்பங்கள் குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தன. விருந்தாளி வந்தால் சோபாவைக் காட்டுவதில்லை, நேராகக் குளியலறைக்கு அழைத்துப் போய் நல்ல பக்கெட்டாகப் பார்த்துப் போட்டார்கள். சம்பந்தி வீட்டார் வந்தபோது ஒரு வீட்டில் பக்கெட்டுக்கு உறை தைத்துப் போட்டிருந்தார்கள், தைத்தது ஜுபைதா. ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி வடகமும் கொத்தவரை வற்றலும் மோர்மிளகாயும் காயவைத்தார்கள், இரண்டே மணி நேரத்தில் கலகலவென்று காய்ந்தன, பொரித்தால் அவரவர் வாயில் அவரவர் அம்மாவின் கைப்பக்குவம் இருந்தது. மாங்காயை ஒரு பையில் போட்டு ஜன்னலில் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் பழுத்தது. மாடிப்படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இரண்டு வீட்டுப் பெண்கள், டக்ட் வழியாக மட்டும் தாயக்கட்டையின் எண்ணிக்கையைச் சத்தம் போட்டுச் சொல்லி விளையாடினார்கள், பத்தாவது படிக்கும் வயதில் விளையாடியதைப் போலவே ஏமாற்றவும் செய்தார்கள். மே மாதத்தின் பக்கம் சோப்பு நுரை தெறிக்கக் கூடாது, காலை ஏழு மணிக்குமேல் குளிப்பதைத் தவிர்க்கவும் என்று சடகோபன் எழுதி ஒட்டினார். எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள், அவருடைய சுற்றறிக்கைகளில் மனதார மதிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

மாசிலாமணிக்கு டக்டில் கேட்டது தண்ணீர்ச் சத்தம். குடியாத்தம் பக்கத்தில் அவருடைய மாமா நிலத்துக் கிணறு, பதினொரு வயதில் கண்ட ஒரு மே மாதம். அவருடைய அண்ணன் தணிகாசலத்துக்கு அப்போது பதினேழு. கிணற்று மேட்டிலிருந்து பந்து மாதிரி உடம்பைச் சுருட்டிக்கொண்டு குதிப்பான், தண்ணீர் மேலே எகிறிக் கரையில் விழும், பிறகு அடியிலிருந்து தலையைச் சிலுப்பிக்கொண்டு வந்து தம்பியைக் கூப்பிடுவான். தம்பி மணியின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை நீர் இறைக்கிற கமலைக் கல்லில் முடிந்து, அதற்குமேல் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்திருந்தான். அப்படியும் மணி குதிக்கவில்லை. தினமும் விளிம்புவரை போய், கால் விரலால் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த வெயிலில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும் என்பதை அவனால் நம்ப முடியவில்லை, ஆழத்தை மட்டும்தான் நம்பினான். நாளைக்குக் குதி என்று அண்ணன் தினமும் சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தான். ஜூன் மாதம் ஊர்க்காரர் ஒருவரோடு பம்பாய்க்கு வேலைக்குப் போனான். இரண்டாம் வருடம் மஞ்சள் காமாலையில் அங்கேயே போய்விட்டான், தந்திதான் வந்தது, உடல் வரவில்லை.

ஐம்பது வருடமாக அந்தப் பெயரை மாசிலாமணி வீட்டில் உரக்கச் சொன்னதில்லை. இப்போது குளியலறை ஜன்னலில் காதை வைத்தால் அடியிலிருந்து அந்தக் குரல் ஈரத்தோடு வந்தது.

"குதிடா மணி. தண்ணி ஜில்லுனு இருக்கு. நான் புடிச்சிக்கறேன்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு அண்ணா, என்பார். அழுதார் என்று சொல்ல முடியாது, ஆனால் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது முகம் கழுவிய மாதிரி இருக்கும். அறுபத்தொரு வயதில் தனக்கு ஒரு அண்ணன் திரும்பக் கிடைத்திருப்பதை இந்திராணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார்.

கத்திரியின் பத்தாம் நாள் ஏசிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பத்து நிமிடம் ஓடும், பிறகு ஒரு முனகலோடு நின்றுவிடும், அரைமணி கழித்து மறுபடி ஓடும், ஊதுவது வெறும் காற்றாக இருக்கும். வெளியே நூற்றுப் பத்து டிகிரி. தமயந்தியின் அறையில் இருபது நாள் குழந்தை தொட்டிலில் நெளிந்தது, கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குரு கொப்புளித்தது. மாசிலாமணி களத்தில் இறங்கினார். பதினாறு டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பதினாறில் வைத்தார், இயந்திரம் இன்னும் சீக்கிரமாகக் களைத்தது. ஜன்னல் வழியாக ரப்பர் குழாயை நுழைத்து, மின்சாரத்தை நிறுத்தாமலே வெளிப்பெட்டிமேல் தண்ணீர் பீய்ச்சினார், படாரென்று ஃபியூஸ் போனது, நல்லவேளை அவர் கையில் ரப்பர் குழாய் இருந்தது. கடைசியில் கேஸ் குறைந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதி, வாழ்க்கையில் முதல்தடவையாக வெளியாளைக் கூப்பிட ஒப்புக்கொண்டார், அதுவும் கேஸ் போட மட்டும்.

வந்தவள் பிலோமினா. ஐ.டி.ஐ. படித்தவள், நாற்பது வயதிருக்கும், ஸ்கூட்டரின் பின்னால் ஏணியைக் கட்டிக்கொண்டு வேலூர் முழுக்கச் சுற்றுகிறவள். கேஸ் போடச் சொன்னவரிடம், கேஸ் என்ன பெட்ரோலா ஓட ஓடக் குறைய, குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், ஓட்டையைப் பார்க்காமல் கேஸ் போடுவது பாவம் என்று சொல்லிவிட்டு, அளந்து பார்த்தாள். கேஸ் சரியாக இருந்தது. வளைந்த தகடுகளைப் பார்த்தாள், இது யார் செய்தது என்று கேட்டாள், இந்திராணி கணவரைப் பார்த்தாள். பிறகு பிலோமினா குளியலறை ஜன்னலுக்குப் போய்த் தலையை நீட்டினாள். சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் அப்படியே நின்றாள். அவளுக்கு அங்கே என்ன கேட்டதோ, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பினாள்.

"சார், இந்த மிஷினுக்கு ஒரு வியாதியும் இல்ல. ஏசி குளிர உண்டு பண்ணாது சார். உள்ள இருக்கற சூட்ட எடுத்து வெளிய போடும், அவ்ளோதான் அதுக்குத் தெரியும். போடறதுக்கு வெளியன்னு ஒண்ணு வேணுமில்ல? நீங்க அத மூடி வச்சிட்டீங்க."

ஷீட்டை எடுத்தாகவேண்டும், எடுத்தால் எல்லா வீட்டு ஏசியும் அன்றைக்கே சரியாகிவிடும், புறாவுக்கு வலை போட்டுக்கொள்ளலாம் என்றாள். எடுத்தால் அந்த மே மாதம் என்ன ஆகும் என்று மாசிலாமணி கேட்டார். சூடு மேலேதான் போகும், பிடித்து வைக்க அவளால் முடியாது என்றாள் பிலோமினா.

அன்று மாலையே சடகோபன் வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார். பன்னிரண்டு குடும்பமும் வந்தது. ஏசி இல்லாமல் நம் அப்பா அம்மா இருக்கவில்லையா என்றார் பரீட்சை வாசனை கண்ட வாத்தியார், அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மணிச்சத்தத்தை விடமாட்டேன் என்றாள் ஜுபைதா. இன்னும் வடகம் பாதிதான் காய்ந்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். குழந்தை இருக்கிறதே என்று இந்திராணி சொன்னபோது எல்லாரும் இரக்கமாகத்தான் பார்த்தார்கள், ஈரத்துணி கட்டுங்கள், வெட்டிவேர்த் தட்டி தொங்கவிடுங்கள், தரைத்தளம் கொஞ்சம் குளுமை, அங்கே கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், கெட்டவர்கள் யாருமில்லை. கடைசியில் எல்லாரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள், ஷீட் அவர் போட்டது. கத்திரி முடிய இன்னும் இரண்டு வாரம்தான், அதுவரை பார்க்கலாம் என்று அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். இந்திராணி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவர் நிமிரவில்லை. ஷீட்டைத் தொடக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் எழுதப்பட்டது.

இரண்டு நாளில் குழந்தை பால் குடிப்பதைக் குறைத்தது. மூன்றாம் நாள் காலை உடம்பு கொதித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இது காய்ச்சல் இல்லை, வெக்கை, பச்சை உடம்பு தாங்காது, குளுமையான அறையில் வைத்து அடிக்கடி பால் கொடுங்கள், சாயங்காலத்துக்குள் தெளியவில்லை என்றால் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்றார். மதியம் இந்திராணி மருந்துக் கடைக்குப் போனாள். தமயந்தி அசதியில் ஒரு கண் அயர்ந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் விட்டிருந்தாள். மாசிலாமணி விசிறிக்கொண்டுதான் இருந்தார். தொட்டில் துணியை நனைத்து வரலாம் என்று குளியலறைக்குப் போனவர், ஜன்னல் பக்கம் ஒரு நிமிடம் நின்றார்.

அண்ணன் அன்றைக்கு ரொம்ப உற்சாகமாக இருந்தான். கிணற்றுக்குள் ஒரு ஆமை இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்றான். ஆமை எவ்வளவு பெரியது என்று இவர் கேட்டார். அவன் சொன்னான், இவர் நம்பவில்லை, அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பு சுவருக்குச் சுவர் மோதி மேலே வந்தது. ஈரத்துணி அவர் கையில் இருந்தபடியே காய்ந்துவிட்டது.

கதவு திறந்திருந்தது. தமயந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அப்பா, அங்க யார்கிட்ட பேசறீங்கன்னு நான் கேக்க மாட்டேன். எல்லா வீட்லயும் பேசறாங்க. ரொம்ப நேரமா என் கொழந்த அழுதுதுப்பா. அந்தச் சத்தத்துலதான் நான் எழுந்தேன். பத்தடி தூரத்துல இருக்கீங்க, உங்களுக்குக் கேக்கலியா?"

அவர் குழந்தையைப் பார்த்தார்.

"இப்ப அழுவல," என்றாள் அவள். "அழுவறதுக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் வெட்கம் பரவியது. அப்படி ஒரு வெட்கத்தை அவர் கிணற்று விளிம்பில் நின்றபோதுகூட அறிந்ததில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடு, அம்மா வருகிற வழிதான், கூட்டிக்கொண்டு போ, திரும்பி வரும்போது இந்த வீடு குளிர்ந்திருக்கும் என்று மகளிடம் சொன்னார். ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பிலோமினாவுக்குப் போன் போட்டார். தானே ஏணியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடியிருப்பார், எப்போதும் அதுதான் வழக்கம். இந்தத் தடவை அவர் கேட்டார், நான் முதலில் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக் கூடாது என்று. எதையும் தொட வேண்டாம், கட்டடத்து மெயின் சுவிட்சை மட்டும் இறக்கி வையுங்கள், நான் வந்துவிடுகிறேன் என்றாள். அவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அவருக்கு அது ஸ்க்ரூ முடுக்குவதைவிடக் கடினமாக இருந்தது.

பன்னிரண்டு வீட்டிலும் மின்விசிறி நின்றதும் எல்லாரும் படிக்கு வந்துவிட்டார்கள். சடகோபன் தீர்மானப் புத்தகத்தோடு வந்தார். ஏகமனதாக எழுதிய தீர்மானத்தை ஒருவர் தன்னிச்சையாக மீற முடியாது என்றார்.

"எழுதிக்குங்க சார்," என்றார் மாசிலாமணி. "போட்டவனும் நான்தான், எடுக்கறவனும் நான்தான்னு எழுதிக்குங்க. தப்பா மூடிட்டேன்னும் எழுதுங்க."

சடகோபன் பேனாவைத் திறந்தார், ஆனால் எழுதவில்லை. குழந்தையை ஆட்டோவில் ஏற்றியதைத் தன் தையல் மிஷின் பக்கத்திலிருந்து பார்த்த ஜுபைதா, படியை அடைத்துக்கொண்டு நின்றவர்களிடம் வழி விடுங்கள் என்று சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக விலகினார்கள். பிலோமினா ஏணியோடு மேலே ஏற, அவளுக்குப் பின்னால் மாசிலாமணி ஏறினார், அவர்களுக்குப் பின்னால் பன்னிரண்டு குடும்பமும் ஏறியது, ஒரு பெரியவரை வழியனுப்பப் போகிறவர்கள் போல.

மொட்டைமாடித் தரை காலைச் சுட்டது. நாற்பத்திரண்டு ஸ்க்ரூ எங்கெங்கே இருக்கின்றன, எது பசைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்பது மாசிலாமணிக்குத்தான் தெரியும், அதனால் அவர்தான் கழற்றியாகவேண்டும். பிலோமினா தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலில் கயிற்றை முடிந்து, மறுமுனையை அவர் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"இது புடிச்சிக்கும் சார். தைரியமா குனிங்க."

இடுப்பில் அந்தக் கயிற்றின் இறுக்கம் பட்டதும் அவருக்கு ஐம்பது வருடமும் ஒரேயடியாக உதிர்ந்தது. கமலைக் கல், கிணற்று மேடு, கல்லைப் பிடித்த கால் விரல்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திருகி எடுத்து மடியில் போட்டுக்கொண்டார், ஷீட்டுக்கு அடியிலிருந்து அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, குதிடா மணி, குதிடா மணி. இருபதாவது ஸ்க்ரூவில் அவர் அழத் தொடங்கினார், துடைக்கவில்லை, கை வேலையாக இருந்தது. நாற்பத்தோராவது ஸ்க்ரூவில் நின்றார். கடைசி ஒன்றை எடுத்தால் அண்ணன் போய்விடுவான் என்று அவருக்குத் தெரியும், ஆமை எவ்வளவு பெரியது என்று இனி யாரும் சொல்லமாட்டார்கள் என்று தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போய்ச் சேர்ந்திருக்குமா என்று நினைத்தார். திருகினார். பிலோமினாவும் ஜுபைதாவும் சடகோபனும் வாத்தியாரும், ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து ஷீட்டைத் தூக்கினார்கள்.

மே மாதம் மேலே வந்தது. கூழ் வாசனையும் மாம்பழ வாசனையும் முதலில் வந்தன, பிறகு டொக்கென்று ஒரு மணி, பிறகு தாயக்கட்டை உருளும் சத்தம், பரீட்சை முடிந்த பிள்ளைகளின் கூச்சல், பாய் உதறும் சத்தம், யாரோ ஒருவருடைய அப்பா தூக்கத்தில் இருமுகிற சத்தம். சுற்றி நின்றவர்கள் அவரவருடையது கடந்து போகும்போது கழுத்தை நீட்டினார்கள், ஒருத்தி கை காட்டினாள். மாசிலாமணி விளிம்பில் கயிற்றோடு குனிந்து நின்றார். அடியிலிருந்து தண்ணீர் எகிறும் சத்தம் கேட்டது. அண்ணா, என்றார், இந்தத் தடவை நாளைக்கு என்று சொல்லவில்லை.

"நீ வர மாட்ட," என்றது குரல், சிரித்துக்கொண்டு. "சரி, நகரு. நான் மேல வர்றேன்."

அவர் நகர்ந்து இடம் விட்டார். சூடான காற்று முகத்தில் அடித்து ஏறியது, அதன் நடுவில் ஒரு ஈரக் கை அவர் தலைமேல் பட்டு, தம்பியின் முடியைக் கலைக்கிற மாதிரி ஒரு தடவை கலைத்துவிட்டு மேலே போனது. அந்த நேரத்தில் பாலாற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் சிலர் காரணமில்லாமல் வண்டியை நிறுத்தி வானத்தைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். டக்டில் சாக்கடை மூடியும் பன்னிரண்டு பெட்டிகளும் சில புறா இறகுகளும் மட்டும் மிச்சம் இருந்தன. பிலோமினா கீழே போய் மெயின் சுவிட்சை ஏற்றினாள், ஏசிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு விடத் தொடங்கின.

டாக்டர் ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்து, வீடு குளிர்ந்துவிட்டது என்று மாசிலாமணி போனில் சொன்னதும் அனுப்பிவிட்டார். ஐந்து மணிக்கெல்லாம் குழந்தை தொட்டிலில் இருந்தது, பால் குடித்துவிட்டு, வாயோரத்தில் வழிந்ததைத் துடைக்கவும் விடாமல் தூங்கியது. மாசிலாமணி இடுப்பில் கயிற்றுத் தழும்போடு மெதுவாக உள்ளே வந்தார். ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் போட்டு மூடி இந்திராணியிடம் கொடுத்தார், இதை எங்கேயாவது எனக்குத் தெரியாத இடத்தில் வை என்றார். அவள் வாங்கிக்கொண்டு, அவருடைய தலையைப் பார்த்தாள்.

அவர் தொட்டிலைக் குனிந்து பார்த்தார். அவர் முடியிலிருந்து ஒரு சொட்டு நழுவி குழந்தையின் பாதத்தில் விழுந்தது. குழந்தை தூக்கத்திலேயே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. தமயந்தி அந்தச் சொட்டை விரலால் துடைத்தாள், துடைத்தவள் விரலைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னப்பா, இந்த வெயில்ல தண்ணி இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

"ஆமாம்மா," என்றார் மாசிலாமணி. "எங்கண்ணன் அப்பவே சொல்லுச்சு. நான்தான் நம்பல."